கேள்விக்குப் பின் மூன்று நொடி: வகுப்பில் பிள்ளைகள் பேச ஓர் எளிய வழி

"எங்க பசங்க வாயே திறக்க மாட்டேங்கிறாங்க" என்று ஒருமுறையாவது சொல்லாத ஆசிரியர் குறைவு. இடைவேளையில் மைதானத்தையே இரண்டாக்குகிற பிள்ளைகள், வகுப்புக்குள் நாம் ஒரு கேள்வியைக் கேட்டதும் டெஸ்க்கைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். கூச்சம், பயம், படிக்காமல் வந்திருக்கிறார்கள், ஆங்கில வழி என்பதால் வார்த்தை வரவில்லை என்று நாமும் காரணங்களை அடுக்குகிறோம். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் நம் கண்ணில் படாத ஒரு காரணம் நம்மிடமே இருக்கிறது. கேள்வியைக் கேட்டுவிட்டு நாம் காத்திருப்பதில்லை.

அந்தக் காத்திருப்புக்குக் கல்வியியலில் காத்திருப்பு நேரம் என்றே பெயர். வகுப்பு உரையாடல் பற்றிய எத்தனையோ கருத்துகளில் இதை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. இதற்குப் பணம் வேண்டாம், ஸ்மார்ட் போர்டு வேண்டாம், தலைமை ஆசிரியரின் அனுமதிகூட வேண்டாம். நாளைக் காலை முதல் பீரியடிலேயே செய்து பார்க்கலாம். புதிதாக வேலைக்கு வந்திருப்பவர்கள், பி.எட். கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளிக்குப் போயிருப்பவர்கள், மாலையில் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

ஒரே ஒரு நொடி

1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியதும் அமெரிக்காவில் அறிவியல் கல்வி பற்றிப் பெரிய கவலை எழுந்தது. அடுத்த பத்தாண்டில், பிள்ளைகளே பொருள்களைக் கையில் எடுத்துச் செய்து பார்த்துக் கற்கும் புதிய பாடத்திட்டங்கள் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தன. பாடமும் கருவியும் மாறின. ஆனால் வகுப்பில் நடந்த பேச்சு மட்டும் மாறவில்லை. பொருள்கள் கையில் இருந்தும் பிள்ளைகள் இரண்டு சொல், மூன்று சொல்லில் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள்.

மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் இது ஏன் என்று தேடினார். வகுப்புகளை ஒலிநாடாவில் பதிவு செய்து, யார் என்ன பேசினார்கள் என்பதை மட்டும் கேட்காமல், பேச்சுக்கு நடுவே இருந்த இடைவெளிகளை அளந்தார். கிடைத்த விடை இதுதான்: ஆசிரியர் ஒரு கேள்வியைக் கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார். அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியைத் திரும்பச் சொல்கிறார், மாற்றிக் கேட்கிறார், வேறொரு பிள்ளையைக் கூப்பிடுகிறார், அல்லது தானே பதிலைச் சொல்லிவிடுகிறார்.

ஒரு நொடியில் ஒரு பிள்ளை என்னவெல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். கேள்வியைக் காதில் வாங்க வேண்டும், புரிந்துகொள்ள வேண்டும், தெரிந்ததைத் தேட வேண்டும், அதை வாக்கியமாக்க வேண்டும், பிறகு சொல்லலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும். கடைசிப் படிக்கே துணிவு சேர்க்கக் கொஞ்ச நேரம் ஆகும். ஒரு நொடியில் இத்தனையும் முடிக்கிறவர்கள் வகுப்பில் நான்கைந்து பேர் இருப்பார்கள். அவர்கள்தான் எப்போதும் கையைத் தூக்குகிறார்கள். மற்றவர்கள் சில வாரங்களில் ஒன்றைக் கற்றுக்கொள்கிறார்கள்: நாம் யோசித்து முடிப்பதற்குள் யாராவது சொல்லிவிடுவார்கள், யோசிக்கவே தேவையில்லை.

ரோ அதோடு நிற்கவில்லை. அந்த இடைவெளியை மூன்று நொடி அல்லது அதற்கு மேல் நீட்டும்படி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து மீண்டும் பதிவு செய்தார். 1970களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட முடிவுகளை இன்று படிக்கும்போதும் எனக்கு வியப்பாக இருக்கிறது. மாணவர்களின் பதில் நீளம் 300 முதல் 700 சதவீதம் வரை கூடியது. கூப்பிடாமலே பொருத்தமாகப் பேசியவர்கள் அதிகமானார்கள். பதிலே சொல்லாமல் நின்றவர்கள் குறைந்தார்கள். "ஏன்னா..." என்று காரணம் சேர்த்துச் சொல்வது கூடியது. பிள்ளைகள் ஆசிரியரைக் கேள்வி கேட்பது கூடியது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்துப் பேசுவதும் கூடியது. மெதுவாகப் படிப்பவர்கள் என்று ஆசிரியர்கள் எண்ணியிருந்த பிள்ளைகளிடமிருந்து பதில்கள் வரத் தொடங்கின. வகுப்பை அடக்குவதற்காக ஆசிரியர் குரல் கொடுக்க வேண்டிய தேவைகூடக் குறைந்தது.

அவர் கண்ட இன்னொரு விஷயம் மனதை உறுத்தக்கூடியது. வகுப்பில் முதல் ஐந்து பேர் யார், கடைசி ஐந்து பேர் யார் என்று ஆசிரியர்களிடமே கேட்டு, அந்தப் பிள்ளைகளுக்காக அவர்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று அளந்தார். முதல் ஐந்து பேருக்குச் சுமார் இரண்டு நொடி. கடைசி ஐந்து பேருக்கு ஒரு நொடிகூட இல்லை. அதிக நேரம் தேவைப்படுகிற பிள்ளைக்குக் குறைந்த நேரம்! வேண்டுமென்று யாரும் இதைச் செய்வதில்லை. "இவனுக்கு எப்படியும் தெரியாது, பாவம், நிற்கவைக்க வேண்டாம்" என்ற இரக்கமே பல நேரம் காரணம். ஆனால் அந்த இரக்கம் பிள்ளைக்குச் சொல்லும் செய்தி வேறு. அவன் அதைச் சரியாகவே படித்துக்கொள்கிறான்.

இரண்டு காத்திருப்புகள்

காத்திருப்பு என்றதும் பலர் கேள்விக்குப் பின் வரும் இடைவெளியை மட்டும் நினைக்கிறார்கள். ரோ இரண்டைச் சொன்னார். ஒன்று, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே. மற்றது, பிள்ளை பதில் சொன்ன பிறகு, நாம் வாய் திறப்பதற்கு முன்னால். இந்த இரண்டாவது இடைவெளியும் சராசரியாக ஒரு நொடிக்குக் குறைவாகவே இருந்தது.

என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் முக்கியம், செய்வதற்குக் கடினமும் அதுதான். பிள்ளைகளின் பேச்சு ஒரே மூச்சில் வராது. முதலில் ஒரு துண்டு வரும், நிற்கும், பிறகு அதைவிட நல்ல துண்டு வரும். நாம் முதல் துண்டிலேயே "வெரி குட்" என்றோ "இல்ல, வேற யாராவது?" என்றோ குறுக்கிட்டால் அடுத்த துண்டு தொண்டையிலேயே நின்றுவிடும்.

எட்டாம் வகுப்பு அறிவியல் பாடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்ந்திருக்கிறது என்பது கேள்வி. வழக்கமாக இது இப்படிப் போகும்:

"மண்பானைத் தண்ணி ஏன் சில்லுனு இருக்கு? சொல்லுங்க... பானையில சின்னச் சின்னத் துளை இருக்கும் இல்லையா?"

"ஆமா மிஸ்."

"அது வழியா தண்ணி கசிஞ்சு, ஆவி..."

"...யாகும்!"

"வெரி குட். எழுதிக்குங்க."

பாடம் முடிந்தது. நேரம் மிச்சம். அந்தக் கேள்வியைப் பற்றி யாரும் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

இப்போது அதே கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா நில்லுங்கள். மூன்று நொடி, நான்கு நொடி. யாராவது ஒருவன், "மண்ணு குளிர்ச்சி மிஸ்" என்பான். தவறான பதில்தான், ஆனால் எதுவும் சொல்லாதீர்கள். அவனையே பாருங்கள், முகத்தில் "ம், அப்புறம்?" என்பது மட்டும் இருக்கட்டும். "ஆனா வெயில்ல கிடக்குற மண்ணு சுடுது..." என்று அவனே தன் பதிலில் ஓட்டை கண்டுபிடிப்பான். இன்னும் மூன்று நொடி. ஒரு பெண், "எங்க வீட்ல புதுப் பானை வாங்குனப்ப நல்லா குளிந்துச்சு, இப்ப அவ்வளவா குளிரல" என்பாள். இதைவிட நல்ல அறிவியல் கவனிப்பு வேறென்ன வேண்டும்? தண்ணீரில் இருக்கும் உப்பு நாளடைவில் பானையின் நுண்துளைகளை அடைத்துவிடுகிறது, கசிவு குறைகிறது, குளிர்ச்சியும் குறைகிறது. "பழைய பானைக்கும் புதுப் பானைக்கும் வெளிப்பக்கத்துல என்ன வித்தியாசம் பார்த்தீங்க?" என்று ஒரே ஒரு கேள்வியை நீங்கள் போட்டால் போதும், ஈரம் என்ற சொல் வகுப்பிலிருந்தே வரும். மழைக்காலத்தில் பானைத் தண்ணீர் அவ்வளவாகக் குளிர்வதில்லை என்பதையும் யாராவது கவனித்திருப்பார்கள். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாதல் மெதுவாகும் என்ற இடத்துக்கு வகுப்பு தானாகவே வந்து சேரும். "ஆவியாதல்" என்ற பாடப்புத்தகச் சொல்லை நீங்கள் அப்போது கொடுங்கள். அதற்குள் அந்தச் சொல்லுக்கு ஒரு தேவை உண்டாகியிருக்கும்.

"சரி" என்ற பூட்டு

வகுப்புப் பேச்சுக்கு உலகம் முழுவதும் ஒரே அச்சு இருக்கிறது. ஆசிரியர் கேட்பார், மாணவர் சொல்வார், ஆசிரியர் மதிப்பிடுவார். 1975இல் இங்கிலாந்தில் சின்க்ளேர், கூல்தார்ட் என்ற இரு மொழியியலாளர்கள் வகுப்பறைப் பேச்சை ஆராய்ந்து இந்த மூன்று படிகளை விவரித்தார்கள். சில ஆண்டுகளில் அமெரிக்காவில் ஹியூ மேகனும் இதே அச்சைத் தன் ஆய்வில் காட்டினார்.

அந்த மூன்றாவது படியைக் கவனியுங்கள். தெருவில் ஒருவரிடம் மணி என்ன என்று கேட்கிறோம். "மூணரை" என்கிறார். "வெரி குட், சரியான பதில்" என்று நாம் சொல்வதில்லை. வகுப்பில் மட்டும்தான், விடை தெரிந்தவரே கேள்வி கேட்டு, பதிலுக்கு மதிப்பெண்ணும் போடுகிறார். இதில் தவறு ஒன்றும் இல்லை, கற்பிப்பதற்கு அது தேவைதான். ஆனால் "சரி" என்று நாம் சொன்ன அந்தக் கணத்தில் கேள்வி பூட்டப்பட்டுவிடுகிறது. இன்னொரு கோணம் யோசித்து வைத்திருந்த பிள்ளை அதை விழுங்கிவிடுகிறாள். பதில்தான் வந்துவிட்டதே!

பாராட்டிலும் இந்தச் சிக்கல் உண்டு. எடுத்ததற்கெல்லாம் பாராட்டு விழும் வகுப்பில் பிள்ளைகள் கையிலிருக்கும் பொருளைப் பார்ப்பதை விட்டு ஆசிரியரின் முகத்தைப் பார்க்கிறார்கள் என்று ரோ எச்சரித்தார். பதிலே கேள்வி போல ஒலிக்கத் தொடங்கும். "ஆவியாகுறதாலயா மிஸ்?" என்று இழுப்பார்கள் இல்லையா, அது. விடையைத் தேடாமல் நம் புருவம் எந்தப் பக்கம் அசைகிறது என்று தேடுகிறார்கள். பாராட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது அதைத் தள்ளிப்போடுங்கள். முடிந்த பிறகு, "பானை பழசானா குளிராதுன்னு சொன்னது நல்ல கவனிப்பு" என்று எது நல்லது என்பதைச் சொல்லியே பாராட்டுங்கள். அந்தப் பெண் அதை வீட்டில் போய்ச் சொல்வாள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. பிள்ளை மெதுவாகச் சொன்னதை ஆசிரியர் உரக்கத் திருப்பிச் சொல்வது. கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் செய்கிறோம். ஆனால் நண்பன் பேசுவதைக் கேட்கத் தேவையில்லை, மிஸ் எப்படியும் திருப்பிச் சொல்வார் என்று வகுப்பு பழகிவிடும். "சுமதிக்குக் கேக்கலையாம், அவளைப் பார்த்து இன்னொரு தடவை சொல்லு" என்றால் பேச்சு ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்குப் போகும்.

கோரஸ்

நம் ஊர் வகுப்புகளுக்கே உரிய ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. "தாவரங்கள் தமக்குத் தேவையான உணவைத் தாமே தயா..." என்று ஆசிரியர் நிறுத்துவார். "...ரிக்கின்றன!" என்று வகுப்பு அதிரும். ஜன்னலுக்கு வெளியே போகிறவருக்கு அந்த வகுப்பு உயிரோட்டமாக இருப்பது போலத் தெரியும். "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது சார்!"

வாய்ப்பாட்டுக்கும் செய்யுள் மனப்பாடத்துக்கும் சேர்ந்து சொல்வது நல்ல முறை. தனியாகச் சொல்லத் தயங்கும் குழந்தைக்கு அந்தக் குரல்களின் நடுவே ஒரு பாதுகாப்பும் கிடைக்கிறது. அதை விட்டுவிட வேண்டாம். ஆனால் ஒரு சொல்லின் கடைசி அசையை முடித்துவைப்பதற்கு அந்தச் சொல்லின் பொருள் தெரிய வேண்டியதில்லை. நாற்பது பேரில் பத்துப் பேர் சொன்னாலே நாற்பது பேரும் சொன்னது போலக் கேட்கும். மீதி முப்பது பேரின் வாய் மட்டும் அசைந்ததா, அதுவும் இல்லையா என்று நமக்குத் தெரியாது. கோரஸ் பெரிதாக ஒலிக்கும் வகுப்பில்தான் பங்கேற்பு குறைவாக இருக்கிறதோ என்று நான் முதலில் சந்தேகப்படுவேன்.

"புரிஞ்சுதா?" என்பதற்குப் பதிலாகக் கேட்க எவ்வளவோ இருக்கிறது. "இதுல உங்களுக்கு எந்த இடம் இடிக்குது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். முதல் சில நாள் பதில் வராது. பிறகு வரும்.

புத்தகத் தமிழ் என்ற தடை

பிள்ளைக்கு விஷயம் தெரியும், சொல்ல மட்டும் வரவில்லை என்ற நிலை தமிழ் வகுப்பறையில் மிக அதிகம். வீட்டில் பேசுவது ஒரு தமிழ், புத்தகத்தில் இருப்பது வேறு தமிழ். "தண்ணி வத்திப்போவுது" என்று மனதில் தோன்றியதை "நீர் ஆவியாகிறது" என்று மாற்றிய பிறகே வாய் திறக்க வேண்டும் என்று பல பிள்ளைகள் நம்புகிறார்கள். நாம்தான் அப்படி நம்பவைத்திருக்கிறோம். ஆங்கில வழிப் பிரிவு என்றால் இன்னும் ஒரு படி கூடுகிறது: வீட்டுத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு. அதற்குள் மூன்று நொடி என்ன, முப்பது நொடியும் ஓடிவிடும்.

ஆகவே உரையாடலின்போது எந்த மொழியில் வந்தாலும் சரி என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். திருநெல்வேலி வழக்கோ, கொங்குப் பேச்சோ, சென்னைத் தமிழோ, வரட்டும். வட்டார உச்சரிப்பைக் கேட்டு வகுப்பு சிரித்தால், அங்கே மட்டும் பொறுமை காட்ட வேண்டாம், உடனே நிறுத்துங்கள். ஒருமுறை சிரிப்புக்கு ஆளான பிள்ளை அந்த ஆண்டு முழுவதும் பேசாமல் இருந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். கருத்து வெளியே வந்த பிறகு, "இதைப் பரீட்சையில எப்படி எழுதலாம்?" என்று எல்லோரும் சேர்ந்து புத்தகத் தமிழுக்கோ ஆங்கிலத்துக்கோ மாற்றலாம். அதுவே ஒரு நல்ல மொழிப் பாடம்.

நாற்பது பேருக்கு எப்படி நேரம் கொடுப்பது?

நியாயமான கேள்வி. 45 நிமிடப் பீரியடில் ஆசிரியர் ஒரு சொல்கூடப் பேசாமல் இருந்தாலும், 40 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் வரும். கல்வி உரிமைச் சட்டம் தொடக்கநிலைக்கு 30 மாணவருக்கு ஓர் ஆசிரியர், ஆறு முதல் எட்டு வரை 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று சொன்னாலும், அதற்கு மேல் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் பிரிவுகளும் உண்டு.

இதற்கு நல்ல விடை, ஒரே நேரத்தில் பலரைப் பேசவைப்பது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிராங்க் லைமன் 1981இல் ஒரு முறையைச் சொன்னார். முதலில் தனியாக யோசி, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேசு, அப்புறம் வகுப்புக்குச் சொல். அவ்வளவுதான். இரண்டு நிமிடம் ஜோடியாகப் பேசவிட்டால் அந்த இரண்டு நிமிடத்தில் 40 பேரும் ஆளுக்கு ஒரு நிமிடம் பேசிவிடுகிறார்கள். முழுப் பீரியடிலும் கிடைக்காத வாய்ப்பு இரண்டே நிமிடத்தில் கிடைக்கிறது. நம் பெஞ்சு வரிசை இதற்கு எந்த வகையிலும் தடை இல்லை. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் திரும்பினால் போதும்.

இதில் பலர் தவறவிடுவது முதல் படியை. யோசிக்க நேரம் கொடுக்காமல் நேராக "பக்கத்துல பேசுங்க" என்றால், வேகமாக இருப்பவர் பேசுவார், மற்றவர் தலையாட்டுவார். காத்திருப்பு இங்கேயும் வேண்டும். ஒரு நிமிடம் அமைதி, முடிந்தால் நோட்டில் இரண்டு வரி, அதன் பிறகு பேச்சு.

ஹார்வர்டில் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் பெரிய விரிவுரை வகுப்புகளிலேயே இதற்கு நெருக்கமான ஒன்றைச் செய்தார். ஒரு கேள்வியைப் போடுவார், ஒவ்வொருவரும் தனியாக ஒரு விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரைச் சம்மதிக்கவைக்கப் பேச வேண்டும், அப்புறம் மறுபடியும் விடை தேர்வு. இப்போதுதான் புரிந்துகொண்ட ஒரு மாணவரால், எந்த இடத்தில் இடிக்கிறது என்பதைச் சக மாணவருக்குப் பேராசிரியரைவிட நன்றாகச் சொல்ல முடியும் என்பது அவர் கண்டது. நம் பிள்ளைகள் பரீட்சைக்கு முந்தின நாள் மரத்தடியில் உட்கார்ந்து செய்வதும் இதைத்தான், அதைப் பாட வேளைக்குள் கொண்டுவருகிறோம்.

வாயால் பேசுவதே கடினமாக இருக்கும் பிள்ளைகளுக்குச் சிலேட்டு இருக்கிறது. எல்லோரும் எழுதி, சொன்னதும் ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டட்டும். ஒரே பார்வையில் வகுப்பு முழுவதும் தெரிந்துவிடும். அமைதியாக இருக்கும் பிள்ளை யோசிக்காத பிள்ளை என்று எண்ணிவிடக் கூடாது.

பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது

கை தூக்குபவரை மட்டும் கேட்டால் அதே நான்கைந்து பேர்தான். அதனால் பெயர் சொல்லிக் கேட்பது தேவைதான். ஆனால் முறை இருக்கிறது. "கார்த்திக், மண்பானைத் தண்ணி ஏன் குளிருது?" என்று பெயரை முதலில் சொன்னால் மற்ற 39 பேரும் ஓய்வெடுக்கப் போய்விடுவார்கள். கேள்வி முதலில், காத்திருப்பு அடுத்து, பெயர் கடைசியில்.

பிரிட்டனைச் சேர்ந்த கல்வியாளர் டிலன் வில்லியம் கையைத் தூக்குவதையே நிறுத்தச் சொன்னார். கேள்வி கேட்க மட்டும் கை தூக்கலாம், பதில் சொல்ல இல்லை. ஐஸ் குச்சிகளில் பிள்ளைகளின் பெயரை எழுதிக் குவளையில் போட்டு, ஒன்றை எடுத்து யார் பெயர் வருகிறதோ அவரைக் கேட்பது. 2010இல் பிபிசி தொலைக்காட்சிக்காக ஒரு பள்ளியில் இதைச் செய்துகாட்டினார்கள். முதலில் அதிகம் சங்கடப்பட்டவர்கள், எப்போதும் பதில் சொல்லிப் பழகிய கெட்டிக்காரப் பிள்ளைகள்!

எனக்குக் குச்சி முறை பிடிக்கும், ஒரு நிபந்தனையோடு. நம் பள்ளிகளில் கேள்வி பல காலமாகத் தண்டனையாகவும் பயன்பட்டிருக்கிறது. பாடத்தைக் கவனிக்காதவனைப் பார்த்துத் திடீரென்று கேள்வியை வீசுவது, தெரியாவிட்டால் நிற்கவைப்பது, மாப்பிள்ளை பெஞ்சு என்று கிண்டல் செய்வது. கல்வி உரிமைச் சட்டம் உடலை வருத்தும் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்திருக்கிறது. சட்டத்தை விடுங்கள், கேள்வி என்றாலே மாட்டிக்கொள்வது என்று பழகிய பிள்ளை, நாம் எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் பேச மாட்டான். அவனை அதிலிருந்து வெளியே கொண்டுவரப் பல மாதங்கள் ஆகலாம். பெயர் சொல்லிக் கேட்பதைத் தொடங்குவதற்கு முன், "தெரியாது" என்று சொல்வதில் குற்றம் இல்லை என்பதை வகுப்பு நம்ப வேண்டும். "தெரியாது மிஸ்" என்றால், "சரி, இன்னும் ரெண்டு பேர் சொல்றதைக் கேளு, உங்கிட்ட திரும்ப வர்றேன், எது சரியாப் படுதுன்னு சொல்லு" என்று விட்டுவிட்டு, உண்மையிலேயே திரும்பிப் போங்கள். திரும்பிப் போகாவிட்டால் அது வெறும் வாக்குறுதி.

இதே காரணத்தால்தான் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். காத்திருப்பது முழு வகுப்புக்காக. ஒரு பிள்ளையை எழுப்பி நிற்கவைத்துவிட்டு, நாற்பது பேர் பார்க்க, இருபது நொடி மௌனமாக இருப்பது காத்திருப்பு அல்ல. அது வதை.

எல்லாக் கேள்விக்கும் வேண்டாம்

ஏழெட்டு எத்தனை? தமிழ்நாட்டின் தலைநகர் எது? இவற்றுக்கு மூன்று நொடி காத்திருப்பதில் பயன் இல்லை. தெரிந்தால் தெரியும். காத்திருப்பு வேலை செய்வது யோசிக்க ஏதாவது இருக்கும் கேள்வியில் மட்டுமே. நாம் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரு சொல் பதில் கேள்விகள்தான் என்பது, காத்திருக்கத் தொடங்கிய பிறகுதான் நமக்கே உறைக்கும். ஒரு சொல்லுக்காக மூன்று நொடி நிற்க நமக்கே ஒரு மாதிரி இருக்கும். ரோவின் ஆய்விலும் இது நடந்தது: காத்திருக்கப் பழகிய ஆசிரியர்கள் குறைவாகவும் வேறுவகையாகவும் கேட்கத் தொடங்கினார்கள்.

புக் பேக் கேள்விகளையே சற்றுத் திருப்பிப் போடலாம். "ஆவியாதல் என்றால் என்ன?" என்பதற்குப் பதில் கைடிலேயே இருக்கிறது. "துணி காயப்போட வெயில் அடிக்கிற காத்தில்லாத இடம் நல்லதா, நிழலா காத்தோட்டமா இருக்குற இடம் நல்லதா?" என்பதற்கு இல்லை. இரண்டு பக்கமும் பேச ஆள் கிடைக்கும்.

"போர்ஷன் முடிக்கணுமே" என்பீர்கள். கணக்குப் போடுவோம். ஒரு பீரியடில் இப்படிப்பட்ட கேள்வி ஐந்து. ஒவ்வொன்றுக்கும் நான்கு பிள்ளைகள் பதில் சொல்கிறார்கள். கேள்விக்குப் பின் 3 நொடி, நான்கு பதிலுக்குப் பின்னும் மூன்று மூன்று நொடி, ஆக 15 நொடி. ஐந்து கேள்விக்கு 75 நொடி. பிள்ளைகள் நீளமாகப் பேசுவதால் அதைவிடக் கூடுதலாகச் சில நிமிடங்கள் போகும் என்பது உண்மை. அந்த நிமிடங்களில் நடப்பதும் பாடம்தான். யாருக்கு எங்கே புரியவில்லை என்பது ரிவிஷன் டெஸ்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே தெரிந்துவிடுகிறது.

தொடங்கும்போது

முதல் வாரம் சங்கடமாகத்தான் இருக்கும். நீங்கள் திடீரென்று பேசாமல் நின்றால் கோபமாக இருக்கிறீர்கள் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். முன்பே சொல்லிவிடுங்கள்: "இனிமே கேள்வி கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசாம இருப்பேன். யோசிக்கறதுக்குத்தான். அதுவரைக்கும் யாரும் கை தூக்க வேண்டாம்." அந்தக் கடைசி வரி மிகவும் தேவை. "மிஸ், நான் மிஸ்" என்று ஒருவர் துள்ளினாலே மற்றவர்களின் யோசனை நின்றுவிடும்.

மூன்று நொடி உங்களுக்கு முப்பது நொடி போலத் தோன்றும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விரலில் எண்ணுங்கள், அல்லது ஜன்னல் வரை மெதுவாக நடந்து திரும்புங்கள். எல்லாப் பாடத்திலும் எல்லாக் கேள்வியிலும் ஒரே நாளில் செய்ய முயலாதீர்கள். ஒரு வகுப்பைத் தேர்ந்தெடுத்து, நாளுக்கு ஒரு நல்ல கேள்வியோடு தொடங்கினால் போதும். அந்தக் கேள்வியை முந்தின இரவே நோட்டில் எழுதிவையுங்கள். நின்ற இடத்தில் நல்ல கேள்வி தோன்றுவது அரிது.

இரண்டு மூன்று வாரம் போனதும் தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு உங்கள் பீரியட் ஒன்றைச் செல்பேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். வீட்டில் போட்டுக் கேட்கும்போது பாடத்தைக் கவனிக்க வேண்டாம். ஒரு பிள்ளை பேசி முடித்ததும் அடுத்து ஒலிக்கும் குரல் யாருடையது என்று மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு முறையும் அது உங்கள் குரலாக இருந்தால், இரண்டாவது காத்திருப்பில் இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது.